உங்களுக்குத் தெரியுமா? பினாங்கு எண் பட்டைகளில் எத்தனை 4?

பினாங்கில் பதிவாகும் வாகனங்களின் எண் பட்டை ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்க, அதைத் தொடரும் எண் ஒவ்வோர் எழுத்துத் தொடரிலும் 1 முதல் 9999 வரை செல்லும்; ஜார்ஜ் டவுனில் பெருவழக்கான ஹொக்கியன் மொழியில் நான்கைக் குறிக்கும் சொல் சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தொலிப்பதால், பலர் 4-ஐத் தவிர்ப்பர்; சில கட்டடங்களின் மின்தூக்கியிலும் அதற்குப் பதிலாக 3ஏ என்றே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு தொடரில் 4 என்னும் இலக்கம் எத்தனை முறை வரும் என்பதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 7 என்பதை 0007 என எழுதுவதுபோல் எல்லா எண்களையும் நான்கு இலக்கமாக்கி, 0000-வையும் சேர்த்துக்கொண்டால், 10,000 எண்களில் 40,000 இலக்கங்கள் அமையும்; அவற்றைப் பத்து இலக்கங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால், 4-க்கு உரியது 4,000. பட்டையில் முன்சுழியம் எழுதப்படாததால் குறைவது சுழியம் மட்டுமே: உண்மையில் இடம்பெறுபவை 9 + 180 + 2,700 + 36,000, அதாவது 38,889 இலக்கங்கள் என்பதால், சுழியம் 2,889 தடவையே தோன்றும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். 4444 என்னும் ஒரே பட்டை நான்கு முறை கணக்கில் ஏறுவதால், 4,000 முறை என்பது 4,000 வண்டிகள் ஆகாது. இடத்திற்கு 9 இலக்கங்கள் வீதம் நான்கு 9-களைப் பெருக்கிவரும் 6,561-இல் 0000-வை நீக்கினால் 4 இல்லாதவை 6,560 என்றாகி, எஞ்சும் 3,439 பட்டைகளில் மட்டுமே 4 இருக்கும்.