வீட்டு மழைக்கு வாசலில் ஓர் இடம்

2024 அக்டோபர் 25 பிற்பகலில், மதுரையில் 15 மணித்துளிகளுக்குள் 45 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆயிரம் சதுர அடி மாடியொன்றின்மேல் அம்மழை விழுந்தால் ஏறத்தாழ 4,200 லிட்டர் நீர் திரளும். தெருவின் எல்லா மாடிகளும் ஒரே நேரத்தில் அதைச் சாலையில் இறக்கினால் எந்த வடிகாலும் திணறும். வடிகாலை அகலப்படுத்தினால் போதும் என்பது பிழையான எண்ணம்; விழுந்த இடத்திலேயே நீரைச் சற்று நிறுத்துவதே முதற்பணி.

அதைச் செய்வது மழைத்தோட்டம்: செடிகள் நட்ட ஆழமற்ற பள்ளம். 1990களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துச் சாமர்செட் குடியிருப்பில் இது வீடுதோறும் அமைக்கப்பட்டது. மதுரைத் திருநகருக்கு அருகிலுள்ள தென்கால் கண்மாயை அறிந்தவர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும்: நீர் வர ஒரு வரத்துக்கால், மிகுந்தது வெளியேற ஒரு கலுங்கு. இருநூறு சதுர அடிப் பரப்பில் 15 சென்டிமீட்டர் ஆழப் பள்ளம் 2,800 லிட்டரைத் தாங்கும். அடிமண் உறிஞ்சுவது அதற்கு மேல்.

மண்தான் இங்கு முதன்மை. கரிசல் நனைந்தால் உப்பித் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆகவே மணலும் மட்கிய உரமும் கலக்க வேண்டும். அத்துளைகளை ஆண்டுதோறும் திறந்துவைப்பவை வேர்கள். வேர் ஒன்று மட்கியதும் அது சென்ற தடம் நீர்வழியாகிறது. வெட்டிவேர், நொச்சி, கல்வாழை ஆகியவை சில நாள் தேங்கும் நீரைத் தாங்குபவை. சாலை நீரோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கை வேரடி நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. இரண்டு நாளில் நீர் வடிந்துவிட்டால் கொசு முட்டை முழுக்கொசுவாக வளர வழியில்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மிக நல்ல சட்டம். ஆனால் அதற்கென அமைக்கும் மூடியிட்ட குழியில் வண்டல் அடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மழைத்தோட்டத்தில் படியும் வண்டல் வெளிப்படையாய்த் தெரியும், மண்வெட்டியால் அள்ளிவிடலாம்.

திருநகர் மக்கள் ஐப்பசிக்கு முன்பே சுவரிலிருந்து பத்தடி தள்ளி, ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் வேறிடம் தேடுங்கள். வடிந்திருந்தால் அங்கேயே தொடங்குங்கள். சாலையோரம் சுவர்வரை பாவுகல் பதிப்போர், மண்ணுக்கென மூன்றடியேனும் விட்டுவையுங்கள்.