கை இழந்தவனுக்குச் சட்டம் தரும் கை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தொழில் செய்யுமிடத்திலே விபத்துக்கு உள்ளானவர்கள் பெறவேண்டிய நட்டஈடு பற்றியது. இலக்கியம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இவ்விஷயத்தில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக ஒரு சம்பவத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்து வெளியேறிய மாணவன் ஒருவன் ஓர் அரிசி ஆலையில் வேலைக்கமர்ந்தான். ஒருநாள் இயந்திரத்தின் பட்டியில் அவனுடைய வலக்கை அகப்பட்டு, மூன்று விரல்கள் போய்விட்டன. ஆலை முதலாளி கொடியவரல்லர். தமது வாகனத்திலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். மருந்துச் செலவையும் ஏற்றுக்கொண்டார். பையன் வீடு திரும்பியபின் ஒரு மாதச் சம்பளத்தை உறையிலிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு கடதாசியையும் நீட்டி, அவனுடைய இடக்கைப் பெருவிரல் அடையாளத்தைப் பெற்றுக்கொண்டார். “இனி இவ்விபத்துத் தொடர்பாக எவ்வித உரிமையுங் கோரமாட்டேன்” என்பதே அக்கடதாசியின் சாரம்.

அதன் பிரதியை எடுத்துக்கொண்டு அவனுடைய தாயார் பாடசாலைக்கு வந்தார். “ஐயா, இது சரிதானே? முதலாளி நல்ல மனுசன். நாங்கள் பிறகு ஏதும் கேட்டால் பாவமல்லவா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பத்து ஆண்டுகள் என்னிடம் படித்த பிள்ளைக்கு, அவன் வாழ்க்கையிலே மிகவும் வேண்டியிருந்த ஒரு பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அப்பொழுதுதான் உறைத்தது. அன்றிலிருந்து தொழில் அலுவலகத்திலும் சட்டம் அறிந்தவர்களிடத்திலும் கேட்டறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அந்தத் தாயாரின் கேள்வியிலே ஒரு பெரிய மயக்கம் இருக்கின்றது. நட்டஈடு என்பது முதலாளியின் இரக்கத்தினால் வரும் தருமம் என்று அவர் எண்ணினார். வேறு சிலரோ, அது முதலாளியின் குற்றத்துக்கு விதிக்கப்படும் தண்டனை என்று எண்ணுகிறார்கள். இரண்டும் தவறு. அது தருமமுமன்று, தண்டனையுமன்று. தொழிலின் செலவுகளுள் ஒன்று. ஆலையிலே பட்டி அறுந்தால் புதுப்பட்டி வாங்கும் செலவு தொழிலைச் சார்ந்தது. அங்ஙனமாயின், மனிதனுடைய கை அறுந்தால் அதன் செலவு மட்டும் அவனுடைய குடிசையை ஏன் சாரவேண்டும்? இக்கேள்வியிலிருந்தே இன்றைய நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது.

முன்னாளில் நிலைமை வேறாக இருந்தது. இங்கிலாந்திலே, அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்து, ஓர் இறைச்சிக் கடைக்காரரின் பணியாளுக்குத் தொடையெலும்பு முறிந்தது. அவன் தன் எசமான்மீது வழக்குத் தொடுத்தான். வேலையிலுள்ள ஆபத்தைத் தெரிந்துகொண்டே பணியாள் வேலைக்கு வருகிறான் என்ற எண்ணம் மேலோங்க, 1837ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நிழல் பல ஆண்டுகள் தொழிலாளர்மீது படிந்திருந்தது. 1884இல் ஜேர்மனியும், 1897இல் இங்கிலாந்தும் புதிய சட்டங்களை இயற்றி, யார் பிழை என்று ஆராயாமலே காயமடைந்தவனுக்கு ஈடு வழங்கும் முறையை ஏற்படுத்தின. இந்தியாவில் 1923இல் அத்தகைய சட்டம் வந்தது.

இலங்கையிலே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அது அரசாங்க சபைக் காலம். மலையகத் தமிழரும் அட்டன் தொகுதியின் உறுப்பினருமான பெரி சுந்தரம் அவர்கள் தொழில், கைத்தொழில், வணிகம் ஆகியவற்றுக்கு அமைச்சராக விளங்கிய காலமும் அதுவே. அன்று முதல் பன்முறை திருத்தப்பட்டு, அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கின்றது.

சட்டத்தின் உயிர்நாடி ஒரே வாக்கியத்தில் அடங்கும். தொழிலின் காரணமாகவும், தொழில் நடந்துகொண்டிருக்கையிலும் நேரும் விபத்தினால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அவரை வேலைக்கமர்த்தியவர் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். “தொழிலின் காரணமாக” என்பதையும் “தொழில் நடந்துகொண்டிருக்கையில்” என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். புறக்கோட்டையில் ஒரு புடைவைக்கடைச் சிப்பந்தி, மேல்தட்டிலுள்ள துணிக்கட்டை எடுக்க ஏணியில் ஏறி விழுந்தால், இரண்டும் பொருந்தும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் உருளையிற் கை அகப்பட்டாலும் அவ்வாறே. அதே சிப்பந்தி விடுமுறை நாளில் தன் வீட்டுக் கூரையை வேயும்போது விழுந்தால் பொருந்தாது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் 2022ஆம் ஆண்டின் திருத்தம் இச்சட்டத்தின் பாதுகாப்பினுள் கொண்டுவந்தது. சில தொழில்களுக்கே உரிய நோய்களும், அட்டவணையிற் குறிக்கப்பட்டவாறு, விபத்தினால் வந்த காயம் போலவே கொள்ளப்படும்.

“பையன் கவனமில்லாமல் இருந்துவிட்டான், ஆகவே ஒன்றுங் கிடையாது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சரியன்று. சாதாரண கவனக்குறைவு உரிமையை அழிப்பதில்லை. மதுபோதையினால் நேர்ந்த விபத்து, பாதுகாப்புக்காக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றியமை ஆகியனவே விலக்குகள். அவ்விலக்குகளுங்கூட, தொழிலாளி இறந்துவிட்டவிடத்துச் செல்லா.

இனி, எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம், தற்காலிக ஊனம் எனச் சட்டம் நான்கு வகை வகுக்கின்றது. முதல் மூன்றுக்கும் ஒரு மொத்தத் தொகை உண்டு. தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை பணம் வழங்கப்படும். தொகையானது சம்பளத்தையும் காயத்தின் தன்மையையும் பொறுத்தது. எந்த உறுப்பை இழந்தால் உழைக்கும் வலுவில் நூற்றுக்கு எத்தனை வீதம் இழந்ததாகக் கொள்ளவேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணையே உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உச்சத் தொகை 550,000 ரூபாவாக இருந்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. இழந்த கைக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வேன். சட்டம் அளப்பது வருமான இழப்பை மட்டுமே. வேதனையை அளக்கும் கோல் அதனிடம் இல்லை.

மீண்டும் அந்தத் தாயாரின் கடதாசிக்கு வருவோம். நட்டஈடு பெறும் உரிமையைத் தொழிலாளி கைவிடுவதாக எழுதும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்று சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. இரு பகுதியாரும் மனமொப்பி ஒரு தொகையைத் தீர்மானித்தாலும், அவ்வுடன்படிக்கை கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்யப்படல் வேண்டும். தொகை போதாதென்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். மரணம் நேர்ந்தவிடத்து, பணம் ஆணையாளரிடமே வைப்புச் செய்யப்படவேண்டும். இறந்தவரில் தங்கிவாழ்ந்தோர் யாவர் என்று விசாரித்து அவரே பங்கிட்டளிப்பார். துயரத்தில் அமிழ்ந்திருக்கும் ஒரு விதவையின் கையிலே உறையொன்றைத் திணித்துக் கணக்கை முடித்துவிட முடியாது என்பதே இதன் கருத்து.

ஆகவே அக்கடதாசி எங்கள் பையனைத் தடுக்கவில்லை. அவனைத் தடுக்கப் பார்த்தது வேறொன்று. ஆஸ்பத்திரியிலே கூடச் சென்றவர் ஒருவர், வீண் தொல்லை வேண்டாமென்று, “வீட்டில் விழுந்து காயம்” எனச் சொல்லிவிட்டார், அப்படியே எழுதப்பட்டுவிட்டது. அவ்வொரு வரியைத் திருத்துவதற்கு உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் தேவைப்பட்டது. முதலில் இருவர் அஞ்சினர்; பின்னர் ஒருவர் முன்வந்தார். ஈற்றில் விசாரணை நடந்து, உரிய தொகை கிடைத்தது. ஆனால் அந்த ஒரு பொய் வரியினால் அக்குடும்பம் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று.

எனவே நேயர்களே, விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவதாக, ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். எங்கே, எந்த வேலையின்போது காயம் நேர்ந்தது என்பது எழுதப்படட்டும். இரண்டாவதாக, இயன்ற விரைவில் வேலைக்கமர்த்தியவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுங்கள். மூன்றாவதாக, கண்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவதாக, சம்பளச் சீட்டுக்களையும் வைத்திய அறிக்கைகளையும் சேர்த்து வையுங்கள். ஐந்தாவதாக, கொடுக்க மறுத்தால் ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். காலவரையறை உண்டாகையால் காலம் தாழ்த்தாதீர்கள். தொழிற்சங்கத்தில் உள்ளோர் சங்கத்தின் உதவியையும் நாடலாம்.

ஒப்பந்தகாரரின் கீழ் வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல். ஒப்பந்தகாரர் கைவிரித்தாலும், தமது தொழிலுக்காக அவரிடம் வேலையை ஒப்படைத்த தலைமைத் தொழில்தருநரிடம் நட்டஈடு கோரச் சட்டம் இடமளிக்கின்றது. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் நட்டஈட்டின் பகுதிகள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அவை வேறு சட்டங்களால் வரும் உரிமைகள். அவற்றைக் காட்டி நட்டஈட்டைக் கழிக்க இயலாது.

கடையிலே காயமடைபவர் சிப்பந்தி மட்டுமல்லர். பொருள் வாங்க வந்தவரும் வழுக்கி விழலாம். அவருக்கு நான் இதுவரை கூறிய சட்டம் உதவாது. கடைக்காரரின் கவனயீனத்தை எண்பித்து, நமது நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கவேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் அவ்வழக்கைத் தொடுத்தல் அவசியம். முதலாளியின் கவனயீனத்தால் காயமுற்ற தொழிலாளிக்கும் இவ்வழி திறந்திருக்கிறது. ஆனால் ஆணையாளர், நீதிமன்றம் ஆகிய இரண்டு வாயில்களுள் ஒன்றினூடாகவே அவர் செல்லலாம். முதலாவதிற் பிழையை எண்பிக்கவேண்டியதில்லை, தொகைக்கு எல்லையுண்டு. இரண்டாவதில் தொகை கூடலாம், எண்பிக்கும் சுமையும் காலமும் செலவும் கூடும். எதற்கும் கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டுத் தெளிவது நன்று.

முதலாளிமாரும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். காப்புறுதி செய்து வையுங்கள், இயந்திரங்களுக்குக் கவசமிடுங்கள். விபத்து நேர்ந்தால் உள்ளதை உள்ளபடி அறிவியுங்கள். பழத்தோடும் பால்மாவோடும் நோயாளியைப் பார்க்கச் செல்வது நல்ல பண்பு. எனினும் அது கடனைத் தீர்த்ததாகாது.

அந்தத் தாயார் பின்னர் ஒருநாள் வந்து, “ஐயா, கேட்டது பாவமில்லைத்தானே?” என்று மறுபடியும் வினவினார். “இல்லை அம்மா. உங்கள் மகனுக்குச் சேரவேண்டியதையே கேட்டீர்கள்” என்றேன். அந்த விடையை முதல்நாளே சொல்ல எனக்குத் தெரியாமற் போயிற்று. இன்று இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் நாளை ஒருவர் அதே கேள்வியோடு வரக்கூடும். அவரை நீங்கள் காத்திருக்க வைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.