குழாயடியில் பெரிய வாளி

கமுந்திங்கில் இருக்கும் என் சித்தி மகன் கணினித் துறைக்காரன். எங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. கோயில் மட்டும் மிச்சம். ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன தோட்டத்து மக்களுக்காகத் திருவிழாவை அவன் இணையத்தில் ஒலிபரப்புகிறான். வர்ணனை நான். வானொலிக்காரியைச் சும்மா விடுவார்களா?

போன வருடம் தீமிதி. கரகம் குழியை நெருங்கும் நேரம், நேயர்கள் 300 பேரைத் தொட்டபோது ஒலிபரப்பு அறுந்தது. படுக்கையில் கிடக்கும் பெரியம்மா ஜொகூரிலிருந்து அழைத்தார். "சாமி இறங்கிருச்சாம்மா?" அவ்வளவுதான் கேட்டார்.

மழைதான் காரணம் என்றோம். தைப்பிங் பக்கம் எதற்கும் மழை மேல் பழி போடுவது வழக்கமாயிற்றே! தம்பி சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தான். மெமரி தீர்ந்து, லினக்ஸே ஒலிபரப்பு மென்பொருளை நிறுத்தியிருந்தது.

லயத்துக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி ஒன்று, வீட்டுக்கொரு வாளி. சர்வரிலும் நேயர் ஒவ்வொருவருக்கும் அனுப்பவேண்டிய ஒலி காத்திருக்க ஒரு வாளி உண்டு. அதன் அளவைச் சொல்வது 'டிசிபி டபிள்யூமெம்'. எல்லா வாளிகளுக்கும் பொதுவான தொட்டிக்கு எல்லை வைப்பது 'டிசிபி மெம்'. இதில் மூன்று எண்கள். முதல் எண்ணுக்குக் கீழே கட்டுப்பாடில்லை, இரண்டாவதைத் தாண்டினால் லினக்ஸ் வாளிகளைச் சுருக்கத் தொடங்கும், மூன்றாவதுதான் உச்சவரம்பு.

தம்பி பெரிய நிறுவனங்களுக்கான அமைப்பை எங்கிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். வாளி தொடக்கத்திலேயே 4 எம்பி. கைப்பேசி டேட்டாவில் திணறும் 300 பேருக்கு அது நிரம்பினால் 1.2 ஜிபி. அவன் சர்வரில் இருப்பதே 1 ஜிபி! தொட்டியின் எல்லையாவது காப்பாற்றியிருக்க வேண்டும். அங்கேதான் பெரிய தவறு. வாளியின் எண் பைட் கணக்கு. தொட்டியின் எண்ணோ பக்கக் கணக்கு, வழக்கமான சர்வர்களில் ஒரு பக்கம் 4,096 பைட். 16 எம்பி என்று நினைத்து அவன் எழுதிய 1,67,77,216 என்ற எண்ணை லினக்ஸ் 64 ஜிபி என்று படித்திருக்கிறது. இல்லாத தண்ணீரை இருப்பதாக நம்பினால் யார் வாளியைச் சுருக்குவார்கள்?

தொட்டிக்கான வரியை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தான். மெமரியைப் பார்த்து லினக்ஸே எல்லையைக் கணக்கிடும். உச்சவரம்பு ஏறக்குறைய 9 விழுக்காடு. வாளி 16 கேபியில் தொடங்கி 256 கேபியோடு நிற்கும். எங்கள் ஒலி வினாடிக்கு 16 கேபி என்பதால் அதுவே 16 வினாடிக்குப் போதும். பழைய 4 எம்பி வாளியில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஒலி தேங்கும். கரகம் இறங்கிய பிறகு "இதோ வருகிறது" என்று நான் கூவிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் தீமிதி முடியும்வரை 'சாக்ஸ்டாட்' கோப்பில் 'மெம்' எண்ணையே தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் பக்கக் கணக்குதான், இப்போது அவனுக்குத் தெரியும். ஒலி அறுபடவில்லை. பெரியம்மா மறுநாள்தான் அழைத்தார். உடுக்கைச் சத்தம் கேட்கவிடாமல் நான் பேசிக்கொண்டே இருந்தேனாம்.