அடைமான ஆவணங்களும் திருப்பயண நோக்கமும்: முதற் சிலுவைப் போரை முன்வைத்து

'சிலுவைப் போர்' என்னும் தொடர் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் 1096இல் மேற்கு ஐரோப்பாவிலிருந்து எருசலேம் நோக்கிப் புறப்பட்டோர் தம் செயலை அப்பெயரால் அறிந்திலர். அக்கால இலத்தீன் ஆவணங்கள் அதனை 'வழி', 'பயணம்', 'திருப்பயணம்' என்று பொருள்படும் சொற்களாலேயே சுட்டுகின்றன. 'சிலுவைக் குறி பூண்டோர்' என்னும் வழக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே பரவலாயிற்று. இவ்வேறுபாடு பெயரளவினதன்று. 'போர்' எனத் தொடங்கின் மண்ணும் பொன்னும் நோக்கங்களாகத் தோன்றும். 'திருப்பயணம்' எனத் தொடங்கின் பாவமும் பரிகாரமும் முன்நிற்கும். சென்றோரின் நோக்கத்தை, அவர்கள் புறப்படும் முன் எழுதுவித்த நில அடைமான ஆவணங்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சான்றுகளின் இயல்பு

திருத்தந்தை இரண்டாம் அர்பன் 1095 நவம்பர் 27 அன்று கிளெர்மோன் நகரில் ஆற்றிய உரையே இவ்வெழுச்சிக்குத் தோற்றுவாய். அவ்வுரையை ஃபுல்செர், துறவி ராபர்ட், பால்ட்ரிக், கிபெர் ஆகியோர் எழுதிவைத்துள்ளனர். நால்வரும் 1099இல் எருசலேம் கைப்பற்றப்பட்ட பின்னர் எழுதியவர்கள். வெற்றியை அறிந்து எழுதியவர்கள். பிரெஞ்சியர் வாழும் நிலம் குறுகியது, அது மக்களுக்குப் போதாது என்னும் கருத்து ராபர்ட்டின் நூலில் வருவதாகும். நிலப்பசியே காரணம் என்போர் இதனையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். அர்பனின் வாய்ச்சொல்லாக இதனைக் கொள்வதற்கு இடமில்லை.

மாறாக, அக்கிளெர்மோன் மன்றத்தின் தீர்மானம் ஒன்று கிடைத்துள்ளது. புகழுக்கோ பொருளுக்கோ அன்றி, பக்தி ஒன்றினாலேயே எருசலேம் திருச்சபையை விடுவிக்கச் செல்வோர்க்கு அப்பயணமே முழுப் பாவப்பரிகாரமாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். இத்தீர்மானம் இருபுறமும் வெட்டுவது. பரிகாரமே அழைப்பின் மையம் என்பதை இது காட்டுகிறது. புகழும் பொருளும் கருதி வருவோரும் உளர் என்பதை அதனை இயற்றியோர் முன்னரே எதிர்பார்த்தனர் என்பதையும் காட்டிவிடுகிறது.

பரிகாரம் அக்கால வீரனுக்கு எத்துணைச் சுமையாக இருந்தது என்பதை வேறொரு சான்றால் உணரலாம். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியர்க்கு, கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு தவமுயற்சி என ஆயர்கள் விதித்தனர். அப்போரோ திருத்தந்தையின் ஆதரவு பெற்றதாகக் கருதப்பட்டது. வெற்றி பெற்றவனுக்கே கொலை பாவமாக நின்றது. முப்பதாண்டுகளுக்குள் போரே பரிகாரமாக அறிவிக்கப்பட்டது. இனி வீரன் மடம் புகாமல், தன் தொழிலைக் கைவிடாமல் மீட்புப் பெறலாம் என்று கிபெர் இதனை விளக்குகிறார். இம்மாற்றத்தின் ஈர்ப்பை, ஊதியக் கணக்கை மட்டும் பார்ப்போர் குறைத்து மதிப்பிடுகின்றனர் என்பது என் கருத்து.

அடைமானம் கூறுவது

நார்மண்டிக் கோமகன் ராபர்ட் தம் ஆட்சிப் பகுதியையே தம்பியாகிய இங்கிலாந்து மன்னரிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடைமானம் வைத்துப் புறப்பட்டார். சிறு வீரர் நிலையும் இதுவே. ஒரு வீரனுக்கு நான்கைந்து ஆண்டு வருவாய் தேவைப்பட்டிருக்கும் என்பது ஜோனத்தன் ரைலி-ஸ்மித்தின் கணிப்பு. பங்கில்லா இளைய மைந்தரே நிலம் தேடிச் சென்றனர் என்னும் பழைய விளக்கம் இங்குத் தடுமாறுகிறது. இருந்த நிலத்தை இழந்தே பலர் சென்றனர். எஞ்சியோருட் பெரும்பாலோர் திரும்பியும் வந்தனர். 1100இல் எருசலேமையும் சுற்றுப்புறத்தையும் காக்க முந்நூறு குதிரைவீரரும் அதே அளவு காலாட்களுமே இருந்தனர் என ஃபுல்செர் வருந்துகிறார்.

ஆயினும் இவ்வாவணங்களை எழுதியோர் துறவியர் என்பதை மறத்தலாகாது. பக்திமொழி கொடையாளியுடையதா, எழுத்தருடையதா எனப் பிரித்தறிதல் அரிது. இவ்விடத்தில் மோன்மெர்ல் ஊரினரான அஷார் என்பவர் 1096 ஏப்ரலில் குளுனி மடத்தோடு செய்துகொண்ட ஆவணம் பெரிதும் பயன்படுகிறது. அவர் பெற்றவை 2000 சாலிடஸ் பணமும் நான்கு கோவேறு கழுதைகளும். கடவுளுக்காக ஆயுதம் பூண்டு எருசலேம் செல்வதாகக் கூறும் அதே ஆவணம், தாம் பயணத்தில் இறந்தாலோ அந்நாட்டிலேயே தங்கிவிட விரும்பினாலோ நிலம் மடத்திற்கே நிலையாக உரியது என்கிறது. பக்திமொழி எழுத்தருடையதாக இருக்கலாம். நிபந்தனை அஷாருடைய எண்ணத்தைத் தழுவாமல் எழுதப்பட்டிருக்க இயலாது. தங்கிவிடலாம் என்னும் எண்ணம் பக்தியோடு முரண்படுவதாக அவர் கருதவில்லை. புளுவா கோமகன் ஸ்டீபனும் 1098இல் அந்தியோக்கியாவிலிருந்து மனைவி அதேலாவுக்கு எழுதிய மடலில், புறப்பட்டபோது இருந்ததைவிட இருமடங்கு செல்வம் தம்மிடம் உள்ளதெனக் கூச்சமின்றிக் கூறுகிறார்.

பக்தியை முதன்மைப்படுத்துவது இவர்களுக்கு நற்சான்று வழங்குவதாகாது. 1096இல் வோர்ம்ஸ், மைன்ஸ் நகர்களில் யூதர்கள் கொல்லப்பட்டபோது கொள்ளையும் நடந்தது. ஆனால் எபிரேய வரலாற்று நூல்கள், திருமுழுக்கா சாவா என்னும் தெரிவு அவர்கள்முன் வைக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. பணம் மட்டுமே நோக்கமாயின் திருமுழுக்குக்கு அங்கு வேலையில்லை.

அஷார் எருசலேம் முற்றுகை வரை சென்றார். நகர் வீழ்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்குமுன், 1099 ஜூனில், யோப்பா செல்லும் வழியில் கொல்லப்பட்டார். ஆவணத்தின் முதல் நிபந்தனை நிறைவேறிற்று. உயிர்பிழைத்திருந்தால் இரண்டாவதைத் தேர்ந்திருப்பாரா என்பதற்குச் சான்று இல்லை.