ஜாஸ் இசைவாணரும் பகட்டுப் பழியும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய பெருமிதம் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கெனக் கூறி, அந்நான்கனுள்ளும் கல்வியை முதற்கண் வைத்தமை அறிஞர் நன்கறிந்ததே. அரிதின் முயன்று கற்றவனுக்குத் தன் கல்வி பற்றி உண்டாகும் உள்ள நிமிர்வு பெருமிதமாகும். இல்லாத கல்வியை உள்ளதுபோற் காட்டுவது பகட்டாகும். இவ்விரண்டும் அகத்தால் வேறுபட்டவையாயினும் புறத்தே ஒரே தோற்றமுடையன. ஆதலின், கலைஞனின் பெருமிதத்தைப் பகட்டெனவும், போலியின் பகட்டைப் பெருமிதமெனவும் உலகம் மாறிக் கொள்ளுதல் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இம்மயக்கத்துக்குப் பெரிதும் இலக்கானோர் அமெரிக்க நாட்டு ஜாஸ் இசைவாணராவர். கேட்போருக்கு விளங்காதவற்றை வேண்டுமென்றே வாசிப்பவர், அவையோரை மதியாதவர், தமக்குள்ளே குழூஉக்குறி பேசித் திரிபவர் என்றெல்லாம் அவர்மீது பழி கூறப்பட்டது, இன்றும் கூறப்படுகின்றது. இப்பழி எங்ஙனம் எழுந்தது, அதில் உண்மை எத்துணை என்பன ஆராயத்தக்கன.

முதலிற் கருதத்தக்கது யாதெனில், இவ்விசை தோன்றிய காலத்தில் அதன்மீது கூறப்பட்ட பழி இதற்கு நேர்மாறானது என்பதாம். நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், ஜாஸ் உருப்பெற்றது. ஊர்வலங்களிலும் நடனக் கூடங்களிலும் வளர்ந்த இவ்விசையை அக்காலத்து உயர்குடியினர் பலர் இழிந்ததென்றும் பண்பற்றதென்றும் ஒதுக்கினர். 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது; 1926இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே சவோய் நடன மண்டபம் திறக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டுகளில் ‘சுவிங்’ என்னும் பெயருடன் பெருங்குழுக்கள் வாசித்த ஜாஸ், அமெரிக்க இளைஞர் அனைவரும் விரும்பி ஆடும் இசையாயிற்று. அந்நாளில் அதனைப் பகட்டென்றார் எவருமிலர். கால்கள் தாளத்தை அறிந்துகொண்டமையால், செவிகள் நுணுக்கங்களை அறியாவிடினும் குறையொன்றும் தோன்றவில்லை.

மாற்றம் 1940ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே நிகழ்ந்தது. பெருங்குழுக்களில் ஊதியத்துக்கு வாசித்த இளைஞர் சிலர், ஒரே பாட்டை ஒரே வகையில் நாள்தோறும் வாசித்துச் சலிப்புற்றனர். வேலை முடிந்தபின் அவர்கள் ஹார்லெமிலிருந்த மின்ரன் விடுதியிற் கூடி, விடியும்வரை தம் விருப்பப்படி வாசித்தனர். பியானோக் கலைஞர் தெலோனியஸ் மொங்க், தாளவாத்தியக் கலைஞர் கென்னி கிளார்க், டிரம்பெற் கலைஞர் டிசி கில்லெஸ்பி, சாக்ஸபோன் கலைஞர் சார்ளி பாக்கர் ஆகியோர் அங்கு கூடியோருள் முதன்மையானவர். ‘பீபொப்’ எனப் பின்னர் பெயர் பெற்ற புதுநெறி அக்கூட்டத்திலே முதிர்ந்தது. தகுதியில்லாதார் மேடையேறி இடையூறு செய்யாவண்ணம், கடினமான சுரக்கூட்டுக்களையும் மிகு வேகத்தையும் அவர்கள் வேண்டுமென்றே கையாண்டதுமுண்டு. பழிக்கான வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

பீபொப்பின் அமைப்பை நோக்கினால், அது கேட்போரைத் திகைக்கச் செய்தமைக்குக் காரணம் விளங்கும். பலரறிந்த பாட்டொன்றின் மெட்டை நீக்கிவிட்டு, அம்மெட்டைத் தாங்கி நின்ற சுரக்கூட்டுக்களின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் மனோதர்மத்தாற் புதிய இசையைப் புனைவது அந்நெறியின் வழக்கம். 1945 நவம்பரிற் பாக்கர் பதிவு செய்த ‘கோ-கோ’, 1938இல் ரே நோபிள் இயற்றிய ‘செரோகி’ என்னும் பாட்டின் அடிப்படையில் எழுந்ததாகும். அடித்தளத்தை அறிந்தவனுக்கு அது கட்டுக்கோப்புடைய மாளிகை. அறியாதவனுக்கோ மூன்று நிமிடத்துக்குக் குறைவான வெறும் ஒலிப்பெருக்கு. தனக்கு விளங்காத ஒன்றைப் பிறர் சுவைப்பதைக் காண்பவன், அவர்கள் சுவைப்பதுபோல் நடிக்கின்றனர் என்று எண்ணுவது மனித இயல்பு.

இவ்விடைவெளியை வேறிரு காரணங்கள் மேலும் அகலச் செய்தன. அமெரிக்க இசைவாணர் சம்மேளனம் 1942 ஆகஸ்டில் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தும் போராட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அது முற்றாகத் தீர 1944ஆம் ஆண்டாயிற்று. புதுநெறி வளர்ந்த ஆண்டுகளும் அவையே. எனவே பொதுமக்கள் அதன் வளர்ச்சியைப் படிப்படியாகக் கேட்கும் வாய்ப்பை இழந்தனர். முதிர்ந்த நிலையிலே அது திடீரென அவர்கள் செவியில் விழுந்தது. இரண்டாவது காரணம் வரியாகும். ஆடலும் பாடலும் நிகழும் கேளிக்கைக் கூடங்களின் வருமானத்தின்மீது 1944இல் 30 வீத வரி விதிக்கப்பட்டு, சில மாதங்களில் 20 வீதமாகக் குறைக்கப்பட்டது. வாத்திய இசை மட்டும் நிகழும் இடங்களுக்கு அவ்வரி இல்லை. கூடத்தார் பலர் ஆடுகளத்தை ஒழித்து நாற்காலிகளை இட்டனர். ஆடி மகிழ்ந்தவர் அமர்ந்து கேட்க வேண்டியவராயினர். கால்களுக்கிருந்த வேலை போய்விடவே, சுமை முழுவதும் செவிகளின்மீது விழுந்தது.

இனி, மேடை ஒழுக்கம் பற்றி நோக்குவாம். கறுப்பினக் கலைஞன் எந்நேரமும் புன்முறுவல் பூத்து, வேடிக்கை பேசி அவையை மகிழ்விக்க வேண்டும் என்பது அமெரிக்க அரங்கின் பழைய எதிர்பார்ப்பு. லூயி ஆம்ஸ்ட்ரோங் போன்ற மேதைகளும் அவ்வெதிர்பார்ப்புக்கு இசைந்தே புகழ் எய்தினர். இளைய தலைமுறையினரோ தம்மைக் கேளிக்கையாளராகவன்றிக் கலைஞராக மதிக்கவேண்டுமென விரும்பினர். மைல்ஸ் டேவிஸ் அவைக்கு முதுகு காட்டி நின்று வாசித்தமை பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. தம் குழுவினரை நெறிப்படுத்தவே அவ்வாறு திரும்பியதாக அவர் விளக்கினார். ஐரோப்பியப் பேரிசைக் குழுவின் நெறியாளர் நிகழ்ச்சி முழுவதும் அவைக்கு முதுகு காட்டியே நிற்கின்றார்; அவரைச் செருக்குடையார் என எவரும் இகழ்ந்திலர். 1952இல் அமைந்த மொடேர்ண் ஜாஸ் குவார்ட்டெற் என்னும் நால்வர் குழு முறையான மாலையுடை அணிந்து அடக்கமாக வாசித்தபோதும், அது போலிப் பெருமை எனச் சிலர் எள்ளினர். ஒருவனுக்குக் கண்ணியமாகத் தோன்றும் உடை மற்றொருவனுக்குப் பகட்டாகத் தோன்றுமாயின், வேறுபாடு உடையில் இல்லை. காண்பார் கண்ணிலேயே உளது. 1959 ஆகஸ்டில், தாம் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லண்ட் விடுதியின் வாயிலிலே, விளம்பரப் பலகையிற் பெயர் துலங்க நின்ற டேவிஸைப் பொலிசார் தலையிற் குருதி சொரிய அடித்தனர். இத்தகைய நாட்டில், தலை நிமிர்ந்து நிற்றல் வெறும் நாகரிகப் பாவனையன்று, மானத்தைக் காத்தலாகும்.

அன்றியும், இக்கலையிற் போலி நெடுநாள் நிலைத்தல் அரிது. 1936இல் கன்சாஸ் நகரத்துக் கூடமொன்றில், பதினாறு வயதளவினராகிய பாக்கர் மூத்தோருடன் வாசிக்க முயன்று தடுமாறியபோது, ஜோ ஜோன்ஸ் என்னும் தாளக் கலைஞர் தம் வெண்கலத் தட்டத்தை அவர் காலடியில் எறிந்து இழிவுபடுத்தினார் என்பர். அதன்பின் மூன்று நான்கு ஆண்டுகள், நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாமற் பயின்றதாகப் பாக்கரே பிற்காலத்திற் கூறினார். இத்தகைய அவையிலே தேறியவனுடைய நிமிர்வு பெருமிதமேயாம்.

எனினும், நடுவுநிலை நின்று நோக்குவார் பழி முழுவதையும் பொய்யெனத் தள்ளிவிடுதல் இயலாது. கில்லெஸ்பி அணிந்த தட்டைத் தொப்பியும், தடித்த சட்டமுடைய கண்ணாடியும், கீழுதட்டுச் சிறுதாடியும் இசையறியா இளைஞர்க்கும் வேடமாயின. இசைவாணரின் குழூஉக்குறிகளைக் கற்று, இசையைக் கல்லாது விட்டோர் பலர். இசைத்தட்டு உறைகளில் விளங்கா நடையில் எழுதிய விமர்சகரும், புதிதாகக் கேட்க வந்தவனை ஏளனஞ் செய்த இரசிகரும் உளர். கலைஞர் சிலரும் தம் கடுமையால் அவையை அகற்றினர். சார்ள்ஸ் மிங்கஸ் மேடையினின்று அவையோரின் பேச்சையும் கண்ணாடிக் குவளைகளின் ஓசையையும் கண்டிக்கத் தயங்காதவர். இசைவாணருள்ளேயே பிளவும் இருந்தது. ஆம்ஸ்ட்ரோங் 1954இற் பீபொப் கலைஞரை நையாண்டி செய்யும் இசைத்தட்டொன்றை வெளியிட்டார். 1961இல் ‘டவுண் பீற்’ என்னும் இதழில் ஜோன் கோல்ட்றேன், எரிக் டொல்பி இருவரின் இசை ‘ஜாஸுக்கு எதிரானது’ எனக் கண்டிக்கப்பட்டது. அவ்விருவரும் சினவாது, 1962இல் அதே இதழில் தம் நோக்கத்தைப் பொறுமையுடன் விளக்கினர். பகட்டுடையான் விளக்கமளிக்க அஞ்சுவான், கல்வியுடையான் அஞ்சான்.

பிற்காலத்தில் ஆடும் இளைஞர் ரொக் இசையின்பாற் செல்ல, ஜாஸ் அரங்குகளையும் கல்லூரிகளையும் சார்ந்து வாழலாயிற்று. வட தெக்சாஸ் கல்லூரியில் 1947இல் தொடங்கிய பட்டப் பயிற்சி இதற்கு முன்னோடியாகும். 1965இல் டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது வழங்குமாறு நடுவர் பரிந்துரைத்தபோது புலிற்சர் சபை மறுத்தது; 1997இல் வின்ரன் மார்சாலிஸ் அப்பரிசைப் பெற்றார். இழிந்ததென ஒதுக்கப்பட்ட இசை, எண்பதாண்டுக்குள் உயர்ந்தோர்க்கே உரியதென ஐயுறப்படும் நிலையை எய்தியமை வியப்பன்றோ!

ஆயினும் செவி சாய்ப்பார்க்கு வாயில் அடைபடவில்லை. டேவ் புரூபெக் குழுவினர் 1958இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது, சென்னையில் மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணியபிள்ளையின் வாசிப்பைக் கேட்டு அவருடன் இசைத்தனர். ஒருவர் இசையின் இலக்கணத்தை மற்றவர் முறையாகக் கற்றவரல்லர். ஆயினும் கவனித்துக் கேட்கும் பண்பு இருபாலும் இருந்தது. அவைக்கு முதுகு காட்டியவரென இகழப்பட்ட டேவிஸ் 1959இல் வெளியிட்ட ‘கைண்ட் ஒவ் புளூ’ அமெரிக்காவில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. செருக்காற் செய்யப்பட்ட இசையாயின் இத்தனை இல்லங்களில் அதற்கு இடம் கிடைத்திராது.

ஆகவே, பெருமிதத்தையும் பகட்டையும் பிரித்தறியும் வழி ஒன்றே. தொப்பியையும் கண்ணாடியையும் குழூஉக்குறியையும் நீக்கியபின் எஞ்சுவது யாது எனக் காண்டல் வேண்டும். இசை எஞ்சுமாயின் அது பெருமிதம். ஒன்றும் எஞ்சாதாயின் பகட்டு. விளங்காமை ஒன்றையே சான்றாகக் கொண்டு கலைஞனைப் பழித்தல் கேட்பவனின் குற்றம். விளக்க முயலாது கேட்பவனை இகழ்தல் கலைஞனின் குற்றம். இருவரும் ஓரடி முன்வைப்பாராயின், பழிக்கு இடமின்றிக் கலை தழைக்கும்.