அடுத்த அறிவியல் புதினம் எது?

தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியதும், படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகள் வாழும் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. கையிலிருந்த கதைநூல் முடிந்துவிட்டது. அடுத்து எதை எடுப்பது? அறிவியல் புதினங்களில் மனத்தைப் பறிகொடுத்த இளைஞரிடம் இக்கேள்வி இன்னும் ஆவலோடு எழுகிறது. விண்கலம், இயந்திர மனிதன், காலத்தைக் கடக்கும் ஊர்தி என்று அட்டைப்படங்கள் யாவும் ஒன்றுபோலவே கவர்ந்திழுக்கின்றன. அவற்றுள் சாரமுள்ளது எது, சக்கை எது என்று எவ்வாறு அறிவது? பெற்றோரில் சிலர், “பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு இதென்ன வீண் கற்பனை!” என்று கடிந்துகொள்கின்றனர். வேறு சிலர், பிள்ளை எதைப் படிக்கிறான் என்று எட்டியும் பார்ப்பதில்லை. இவ்விரண்டுமே பிள்ளைக்குத் துணை செய்யா.

கற்பனைக் கதை திருச்சபைக்கு அயலானதன்று. நம் ஆண்டவர் விண்ணரசின் மறைபொருள்களை விதைப்பவன், ஊதாரி மகன், நல்ல சமாரியன் எனும் உவமைகளாலேயே எளிய மக்களின் உள்ளத்தில் பதியவைத்தார். நமது அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருத்தலத்தை நிறுவிய வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அறிவின்மையைக் கதையால் நகையாடிச் சிந்திக்க வைத்த துறவியின் வழிவந்த நாம், கதையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கத்தான் கற்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருடையது?

ஒரு காலத்தில் இப்பொறுப்பின் பெரும்பகுதியைத் திருச்சபையே சுமந்தது. விசுவாசிகள் படிக்கலாகாத நூல்களின் அட்டவணையொன்றைத் திருத்தந்தை நான்காம் பவுல் 1559ஆம் ஆண்டு வெளியிட்டார். பலமுறை திருத்தப்பெற்ற அவ்வட்டவணை நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் நிறைவுற்றபின், 1966 ஜூன் 14ஆம் நாள் உரோமை வெளியிட்ட அறிவிப்பினால் அது சட்டமாக இருக்கும் நிலை முடிவுக்கு வந்தது. ஆனால் விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் ஊறு செய்யும் நூல்களைத் தவிர்க்கும் கடமை அத்தோடு முடிந்துவிடவில்லை. அது விசுவாசியின் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, அட்டவணை செய்துவந்த பணியை இன்று செய்ய வேண்டியவர்கள் குடும்பத்துத் தாய் தந்தையரே. எல்லாவற்றையும் ஆராய்ந்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தெசலோனிக்க நகரத்தாருக்குப் புனித பவுல் கூறிய அறிவுரை, நூலகத்தின் அலமாரி முன் நிற்கும் நமக்கும் பொருந்தும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இளம் துறவியாக 1964-65இல் ஆர்ஜென்டீனா நாட்டின் சான்டா ஃபே நகரத்துப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர். மனிதரை உருவாக்குவதில் இலக்கியத்துக்குள்ள பங்கைப் பற்றி 2024ஆம் ஆண்டு அவர் தனித் திருமடலே எழுதினார். ஆகவே பிள்ளையின் கையிலுள்ள கதைநூலைப் பற்றிப் பேசுவது சிறு விஷயமன்று.

ஓர் உரைகல்

பொன்னை உரைத்துப் பார்க்கக் கல் இருப்பதுபோல், அறிவியல் புதினத்தை உரைத்துப் பார்க்கவும் ஓர் எளிய கேள்வி உண்டு. இந்நூல் படைத்துக் காட்டும் உலகில், வலுவிழந்த மனிதனுக்கு என்ன நேர்கிறது? முதியவருக்கு, நோயாளிக்கு, கருவிலுள்ள குழந்தைக்கு, எவருக்கும் பயன்படாதவர் என்று தள்ளப்பட்டவருக்கு அவ்வுலகில் இடமுண்டா? இக்கேள்வியை எழுப்பாத நூலில் எத்தனை விண்கலங்கள் பறந்தாலும் அது வாணவேடிக்கையே. எழுப்புகிற நூல், அதன் ஆசிரியர் எச்சமயத்தவராயினும், நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும். இவ்வுரைகல்லைக் கொண்டு நான்கு நூல்களைப் பார்ப்போம்.

நம் மண்ணிலிருந்து தொடங்கலாம். ஆண்டிமடத்தைச் சுற்றிச் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. கடல் எங்கோ தொலைவில் இருக்கிறது. ஆயினும் இம்மாவட்டத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது. சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புப் பாறைகளில் நத்தைபோல் சுருண்ட கடலுயிர்களின் கல்லுருவங்கள் இன்றும் கிடைக்கின்றன. வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளமுள்ளது. இத்தகைய மண்ணில் நடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கு முதல் நூலாகப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1864இல் வெளியிட்ட ‘பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்’ மிகவும் ஏற்றது. ஐஸ்லாந்துத் தீவில் அணைந்துபோன எரிமலையின் வாயிலாக ஒரு பேராசிரியரும் அவருடைய மருமகனும் வழிகாட்டியொருவனும் நிலத்தடிக்கு இறங்கி, அங்கே ஒரு கடலையே காண்கின்றனர். அறிவியல் இன்று அதை ஏற்காது. எனினும் கல்லைக் கண்டு வியக்கும் கண்ணை அந்நூல் திறந்துவிடும்.

இந்நூலை நம் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பேராசிரியர் கண்டிப்பானவர், பிடிவாதக்காரர். நீரின்றி அனைவரும் வாடிய வேளையில் மருமகன் தளர்ந்து விழுகிறான். அப்போதுதான், தம் குடுவையில் ஒரே ஒரு வாய் நீரைத் தாம் பருகாமல் அவனுக்காகக் காத்துவைத்திருந்தது வெளிப்படுகிறது. அறிவின் வேட்கை அந்த முதியவரின் அன்பைக் கொன்றுவிடவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

இரண்டாவது, தமிழிலேயே பிறந்த நூல். சுஜாதா என்னும் பெயரால் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935-2008) திருவரங்கத்தில் வளர்ந்தவர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர். 1950களில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் அவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் அதே காலத்தில் அங்கேதான் பயின்றார். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய இயேசு சபையாரின் அக்கல்லூரியின் மாணவர் ஒருவர் தமிழ் அறிவியல் புதினத்துக்கு நிலைத்த இடம் தேடித் தந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சிக்குரியது.

அவருடைய ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நிகழ்வதாக அவர் வகுத்த காலம் 2020களின் தொடக்கம். அக்காலத்தை நாம் கடந்துவிட்டோம். அக்கதையில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி நடக்கிறது. மக்களின் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கலாகாது. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எவ்வளவு காலம் உயிர் வாழலாம் என்பதையும் அரசே வரையறுக்கும். நிலா என்னும் இளம்பெண், காணாமற்போன கணவனைத் தேடிப் புறப்படுகிறாள். பேசவும் நூல்களைப் படிக்கவும் தெரிந்த ஜீனோ என்ற இயந்திர நாய் அவளுக்குத் துணை. சிறுவர் ஜீனோவின் குறும்பில் மயங்குவர், மயங்கட்டும். ஆனால் பெற்றோர் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: “குழந்தை பிறக்கலாமா, பாட்டி வாழலாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்காவது உண்டா?” இன்று நம் ஒவ்வொருவரின் பையிலும் ஓர் எண் இருக்கிறது. அரிசி வாங்கவும் வங்கிக்குச் செல்லவும் அது உதவட்டும். ஆனால் மனிதன் எண் ஆகிவிடமாட்டான். ஆண்டவர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பவர்.

சுஜாதா மறைநூல் எழுதியவரல்லர். அவருடைய எல்லாக் கதைகளும் எல்லா வயதினர்க்கும் உரியனவும் அல்ல. அன்னம்போல் பிரித்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. இந்நூலையும், இதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் உயர்நிலைப் பள்ளி மாணவர் படிக்கலாம்.

மூன்றாவது நூல், ஆங்கிலம் நன்கறிந்த கல்லூரி மாணவர்க்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் பணிபுரிந்த வால்டர் மில்லர் என்பவர், 1944 பிப்ரவரியில் புனித ஆசீர்வாதப்பரின் மோன்தே கசீனோ துறவுமடம் தரைமட்டமாக்கப்பட்ட தாக்குதலில் பங்கேற்றவர். போருக்குப்பின் 1947இல் அவர் கத்தோலிக்கரானார். அவர் எழுதி 1959இல் வெளிவந்த ‘லைபோவிட்சுக்கு ஒரு கீதம்’ என்னும் புதினம் 1961இல் ஹியூகோ விருது பெற்றது. அணுகுண்டுப் போரில் நாகரிகம் அழிந்தபின், பாலைவனத் துறவுமடம் ஒன்று எஞ்சிய ஏட்டுத் துண்டுகளைக் காத்துவருகிறது. பொறியியல் வரைபடம் ஒன்றின் பொருளறியாத இளம் துறவி, அதைப் பொன் வண்ணத்தில் பல ஆண்டுகள் நகலெடுக்கிறார். நூற்றாண்டுகள் உருள்கின்றன, அறிவு மீள்கிறது, அணுகுண்டும் மீள்கிறது. கதிர்வீச்சால் பிழைக்கவியலாத தாய்க்கும் குழந்தைக்கும் சட்டப்படி மரணமளிக்க அரசு முகாம் அமைக்கிறது. அம்முகாமை எதிர்த்து வயது முதிர்ந்த மடத்தலைவர் தனியாக நிற்பதே நூலின் உச்சம்.

நான்காவதை எழுதியவர் ஒரு குரு. ஆங்கிலிக்கத் திருச்சபையின் கான்டர்பரி பேராயருடைய மகனாகப் பிறந்து, 1903இல் கத்தோலிக்கராகி 1904இல் குருத்துவம் பெற்ற இராபர்ட் ஹியூ பென்சன், 1907இல் ‘உலகின் தலைவன்’ என்ற புதினத்தை எழுதினார். இறைவனை மறந்த வருங்கால உலகில் வான ஊர்தி ஒன்று விழுந்து நொறுங்குகிறது. குற்றுயிராய்க் கிடப்போரைத் தேடி மருத்துவர் வருமுன்னரே, வலியின்றி உயிரைப் போக்கும் அரசு ஊழியர்கள் வந்துவிடுகின்றனர். அதை மக்கள் இரக்கம் என்கின்றனர்! திருத்தந்தை பிரான்சிஸ் 2013இலும் 2015இலும் இந்நூலைப் பெயர் குறித்துப் பேசினார். நிறைவேறிய விசுவாசமும் பொறுமையும் உள்ள பெரியோர் படிக்க வேண்டிய நூல் இது; சிறுவர்க்கன்று.

கற்பனையா, நடப்பா?

ஓர் ஆங்கிலேயக் குரு, ஓர் அமெரிக்கப் போர்வீரர், ஒரு தமிழ்ப் பொறியாளர். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எனினும் மூவரும் வருங்காலத்தை எண்ணியபோது ஒரே அச்சம் கொண்டனர். மனிதனின் மதிப்பை அவனால் விளையும் பயனைக் கொண்டு அளக்கும் உலகம் வந்துவிடுமோ என்பதே அந்த அச்சம்.

அந்த உலகம் எங்கோ விண்மீன்களுக்கு அப்பால் இருப்பதன்று. நம் தமிழகத்தின் தென்மாவட்டச் சில சிற்றூர்களில் படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டி, இளநீர் ஊட்டி மடியச் செய்யும் ‘தலைக்கூத்தல்’ என்னும் கொடிய வழக்கம் நிகழ்ந்ததுண்டு. பெண் குழந்தைகளைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992ஆம் ஆண்டு சேலத்தில் அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. இவற்றுக்கு இயந்திரமும் தேவைப்படவில்லை, சர்வாதிகாரியும் தேவைப்படவில்லை. “இந்தக் கிழவிக்கு இனி என்ன வேலை?” என்று ஒரு வீட்டில் எழும் முணுமுணுப்பே போதுமானதாயிற்று. நம் இல்லங்களில் அம்முணுமுணுப்பு எழுவதில்லை என்று துணிந்து கூறுவோர் யார்? புதினத்தில் ஜீவாவைக் கண்டு வெகுண்டெழும் பிள்ளை, வீட்டுத் திண்ணையில் அதே குரலைக் கேட்கும்போது அடையாளம் கண்டுகொள்வான். நல்ல அறிவியல் புதினம் செய்யும் தொண்டு இதுவே.

இயந்திரம் சிந்திப்பதுபோல் பேசும் காலத்துக்கும் நாம் வந்துவிட்டோம். 2025 மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லெயோ தம் பெயரின் காரணத்தை விளக்கியபோது, பதின்மூன்றாம் லெயோ 1891இல் தொழிற்புரட்சியை எதிர்கொண்டதை நினைவுகூர்ந்து, இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்பின்முன் வைக்கும் வினாக்களைச் சுட்டினார். நாளை அத்தகைய இயந்திரங்களோடு வேலை செய்யப்போகும் பிள்ளைகள், மனிதன் யார் என்பதை இன்றே கேட்டுப் பழக வேண்டாமா?

இல்லத்தில் செய்யத்தக்கவை

நூலகத்திலோ கடையிலோ ஒரு நூலை எடுத்தவுடன் அட்டையை நம்பாதீர்கள். முதல் இருபது பக்கங்களைப் படியுங்கள். அதில் வரும் மனிதர்கள் சுட்டு வீழ்த்துவதற்காகவே படைக்கப்பட்ட பொம்மைகளாக இருந்தால், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். துன்புறும் ஒருவரின் முகம் தெரிந்தால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளை படிக்கும் நூலைத் தாயோ தந்தையோ ஒருவரேனும் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், இரவு உணவுக்குப்பின் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்பவனுக்கு அதனால் கதை இருமடங்கு விளங்கும். ஒரு தொடரின் அடுத்த பாகம் வந்துவிட்டது என்பதற்காகவே அதை எடுக்காமல், முந்தைய நூல் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை தேடும் நூலை எடுங்கள்.

நூலை மூடியபின் பிள்ளை எங்கே செல்கிறான் என்று கவனியுங்கள். அடுத்த நூலுக்காக அலமாரிக்கு ஓடுவது இயல்பே. ஆனால் போகும் வழியில், கட்டிலில் கிடக்கும் பாட்டியின் அருகே ஒரு நிமிடம் நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டானானால், நீங்கள் சரியான நூலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.