எட்டு வாசல், ஒரு காவற்காரன்!

எட்டுக் குழந்தைகள் உள்ள வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் "அம்மா!" என்று கத்தினால், தாயார் காதில் ஒன்றும் விழாது. "ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள்" என்று வரிசையில் நிறுத்திவிட்டாலோ, இரண்டே காதுகள் எட்டுப் பேருக்கும் போதும். எலெக்ட்ரானிக்ஸ் உலகில் இப்படி வரிசை கட்டிவிடும் சிறு சாமானுக்குத்தான் 'மல்டிபிளெக்ஸர்' என்று பெயர்.

இந்த ஜாதியில் பெயர் பெற்றது 4051 என்னும் சில்லு. அமெரிக்காவின் ஆர்.ஸி.ஏ. கம்பெனி 1968-ல் ஆரம்பித்து வைத்த 4000 வரிசையைச் சேர்ந்தது. கறுப்புப் பூச்சி போன்ற உடம்பு, 16 கால்கள். எட்டுக் கால்கள் எட்டு வாசல்கள். ஒன்று பொது வாசல். மூன்று, கட்டளை வாங்குவதற்கு. இன்னும் ஒன்று, எல்லா வாசல்களையும் ஒருமிக்க அடைப்பதற்கு. மிச்சம் மூன்றும் மின்சாரத்துக்கு.

எட்டு வாசலுக்கு மூன்றே கட்டளைக் கம்பிகள் எப்படிப் போதும்? மூன்று விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் எத்தனை விதமாக வைக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். சரியாக எட்டு விதம்! ஒரு வாசலை அடைத்த பிறகே மற்றதைத் திறக்கும். இரண்டு குரல்கள் கலந்துவிடக் கூடாதல்லவா?

கணக்குப் போடும் சில்லுகளுக்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே வார்த்தைகள்தான் தெரியும். இதுவோ, வருகிற மின் அழுத்தத்தை அதன் ஏற்ற இறக்கங்களோடு அப்படியே கடத்தும். உள்ளே வரவும் வெளியே போகவும் அதே வாசல்தான்.

இதனால் சங்கீதத்துக்கு விளைந்த நன்மையைக் கேளுங்கள். 'ஸிந்தஸைஸர்' என்ற மின்சார வாத்தியத்தில், முன்பெல்லாம் பல குமிழ்களைத் திருகித்தான் ஒரு நாதத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அடுத்த பாட்டுக்காகத் திருகினால் முந்தைய நாதம் போயே போய்விடும். மறுபடி வேண்டுமானால், குமிழ்கள் இருந்த நிலையைக் காகிதத்தில் குறித்து வைத்திருக்க வேண்டியிருந்தது!

1978-ல் கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித்தின் ஸீக்வென்ஷியல் ஸர்க்யூட்ஸ் கம்பெனி 'ப்ராபெட்-5' வாத்தியத்தை வெளியிட்டது. நாற்பது நாதங்கள் அதன் நினைவில் நிற்கும். பொத்தானை அமுக்கினால் வேண்டியது வரும். குமிழ்களின் நிலையை மல்டிபிளெக்ஸர்கள் முறை வைத்துக் கேட்டு வர, அவை எண்களாகப் பதிந்தன. எண்களைத் திரும்ப மின் அழுத்தமாக்க ஒரே ஒரு மாற்றுக் கருவிதான். அது தரும் அழுத்தத்தைக் கண்டென்ஸர்களுக்கு ஒவ்வொன்றாகப் பரிமாறுவதும் மல்டிபிளெக்ஸர்களே. கண்டென்ஸர் கசியும் பானை மாதிரி. நிரப்பியது மெல்லக் குறையும். குறைவது காதுக்குத் தெரியுமுன் அடுத்த சுற்று வந்து நிரப்பிவிடும்!

குறை இல்லாமலும் இல்லை. வாசல் திறந்திருக்கும்போதும் கொஞ்சம் தடை இருக்கும். 18 வோல்ட் கொடுத்தால் சுமார் 125 ஓம்; வோல்ட் குறைந்தால் தடை கூடும். சுற்றை அமைப்பவர் இதற்கும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

கடைசியாக, இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சில்லு இன்றும் விற்பனையில் இருக்கிறது. உங்கள் பிள்ளையோ பெண்ணோ இதைக் கறுப்புப் பஞ்சில் குத்தி மேஜைமேல் வைத்திருந்தால், தூசி போகட்டும் என்று எடுத்து நைலான் புடவைத் தலைப்பால் துடைத்துவிடாதீர்கள்! உராய்வில் பிறக்கும் மின்சாரம், சில்லுக்குள் இருக்கும் மிக மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடக் கூடும். அதைத் தடுக்க உள்ளேயே காவல் உண்டு. ஆனால் அந்தக் காவலுக்கும் ஓர் அளவு உண்டு. பிறகு பார்வைக்குச் சில்லு புத்தம் புதிதாகவே இருக்கும், வாசல்தான் திறக்காது!